பனிக்காற்றில் ஒரு பருந்து: மோசமான காலநிலையில் வேட்டைப் பறவைகளைப் படம் எடுப்பது எப்படி?

ரொறன்ரோவில் நவம்பர் பிறந்துவிட்டால் எங்களில் பலர் கமராவைப் பையில் போட்டு அலுமாரிக்குள் வைத்துவிடுவோம். இலைகளின் நிறம் முடிந்துவிட்டது, இனிச் செரிப்பூ பூக்கும்வரை வெளியில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது பொதுவான எண்ணம். மண்டபங்களில் நடக்கும் கலியாணம், சாமத்தியவீடு, அரங்கேற்றம் என்று குளிர்காலம் கழிந்துவிடும். ஆனால் பருந்து, வல்லூறு, கழுகு, ஆந்தை போன்ற வேட்டைப் பறவைகளைப் படம் எடுக்க விரும்புகிறவருக்கு இந்தக் கணக்குத் தலைகீழானது. அவருடைய ஆண்டு செப்ரெம்பரில்தான் தொடங்குகிறது. காற்றும் முகிலும் பனியும் கூடக்கூட அவருக்கு வாய்ப்பும் கூடுகிறது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எந்தக் காலநிலை நல்ல படத்தைத் தருகிறதோ, அதே காலநிலைதான் அந்தப் பறவைக்கு மிகக் கடினமான நேரம். எங்களுக்கு அது ஒரு சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. அதற்கோ அன்றைய இரை கிடைக்குமா இல்லையா என்ற கேள்வி. ஆகவே கமராவை எப்படிப் பிடிப்பது என்பதையும் பறவையிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

ஏரி போடும் தடை

ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் நாங்கள் வாழ்வது இந்த விடயத்தில் ஒரு வசதி. பருந்துகளும் கழுகுகளும் தூரப் பயணத்தில் சிறகடித்துப் பறப்பது குறைவு. வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலெழும் வெப்பக்காற்றில் ஏறி, உயரத்தில் வட்டமிட்டு, பிறகு சிறகை விரித்தபடியே சறுக்கிச் சென்று அடுத்த வெப்பக்காற்றைப் பிடிக்கும். உடலில் உள்ள சக்தியைச் செலவழிக்காமல் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போவதற்கு அதுதான் வழி. தண்ணீருக்கு மேல் அப்படியான வெப்பக்காற்று சரியாக எழும்புவதில்லை. எனவே இலையுதிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் ஏரிக்கரைக்கு வந்ததும், ஏரியைக் கடக்க விரும்பாமல் மேற்கே திரும்பிக் கரையோரமாகவே பயணம் செய்கின்றன. அந்தப் பாதை ஸ்காபரோவுக்கும் ரொறன்ரோவுக்கும் மேலாகப் போகிறது.

ஒரு குளிர் முகப்பு கடந்துபோன மறுநாள், காற்று வடமேற்கிலிருந்து அடிக்கும்போது, பறவைகள் இன்னும் அதிகமாகக் கரைப்பக்கம் தள்ளப்படுகின்றன. செப்ரெம்பர் நடுப்பகுதியில் அப்படியான ஒரு நாள் அமைந்தால், அகன்ற சிறகுப் பருந்துகள் ஆயிரக்கணக்கில் ஒரே நாளில் கடந்துபோகும். ஒக்ரோபரில் சிறிய பருந்து வகைகளும் வான்கோழிக் கழுகுகளும் வரும். ஒக்ரோபர் முடிவிலும் நவம்பரிலும் செவ்வால் பருந்துகளும், இடையிடையே பொற்கழுகுகளும் வரும்.

இதைப் பார்ப்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. ஸ்காபரோவில் கிங்ஸ்ரன் வீதியோரம், மண்குன்றுகளின் மேல் அமைந்திருக்கும் ரோசெற்றா மக்லெய்ன் பூங்கா, ஹை பார்க்கில் உள்ள ஹோக் ஹில் என்ற மேடு, விற்பியில் லிண்ட் ஷோர்ஸ் பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் கிரான்பெரி சதுப்பு நிலம் ஆகிய இடங்களில் தொண்டர்கள் இலையுதிர்காலத்தில் நின்று வேட்டைப் பறவைகளை எண்ணி வந்திருக்கிறார்கள். பக்கத்தில் போய் நின்று, "அது என்ன பறவை?" என்று கேட்டால் சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.

படம் எடுப்பவர் இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முகிலே இல்லாத நீல வானம் எங்களுக்கு அழகாகத் தெரியும். ஆனால் அந்த நாட்களில் வெப்பக்காற்று பலமாக எழும்புவதால் பறவைகள் மிக உயரத்தில் வெறும் புள்ளிகளாகப் போய்விடும். முகில் மூடிக் காற்று பலமாக அடிக்கும் நாளில் அவை தாழப் பறக்கும். மண்குன்றின் விளிம்பில் மோதி மேலெழும் காற்றில் ஏறி, சில நேரம் எங்கள் கண் மட்டத்திலேயே கடந்துபோகும். "இண்டைக்கு வெதர் சரியில்லை" என்று வீட்டிலிருந்தவர் அதைத் தவறவிடுகிறார்.

குளிர்காலத்தில் நிற்பவையும் வருபவையும்

எல்லாப் பறவைகளும் தெற்கே போய்விடுவதில்லை. நெடுஞ்சாலை 401 இல் வேலைக்குப் போகும்போது விளக்குக் கம்பத்தின் மேலோ இலையுதிர்ந்த மரத்திலோ மார்பு வெள்ளையாகத் தெரிய ஒரு பெரிய பறவை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் செவ்வால் பருந்துதான். சாலையோரப் புல்லுக்குள் ஓடும் வயலெலிகளுக்காகக் காத்திருக்கிறது.

நகர மையத்தில் உயர்ந்த கட்டடங்களின் விளிம்புகளைப் பொரி வல்லூறு மலைப்பாறையாகவே கருதுகிறது. இரையை நோக்கிக் கீழே பாயும்போது மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வேகம் எடுக்கும் இந்தப் பறவை, டிடிரி என்ற பூச்சிகொல்லியால் முட்டை ஓடு மெலிந்து, 1960களில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் இனப்பெருக்கம் செய்யும் பறவையாக இல்லாமலே போயிருந்தது. அந்த மருந்து தடைசெய்யப்பட்ட பின், கூண்டில் வளர்த்த குஞ்சுகளை வெளியில் விட்டுத்தான் அதை மீட்டெடுத்தார்கள். இலங்கையில் சிகிரியாக் குன்றில் வாழும் வல்லூறும் இதே இனம்தான். அங்கே அதன் நிறம் சற்றுக் கருமை, வயிறு செம்மை.

வெண்தலைக் கழுகின் கதையும் அப்படியே. 2024 ஆம் ஆண்டு ரொறன்ரோ நகர எல்லைக்குள் வெண்தலைக் கழுகின் கூடு ஒன்று இருப்பதை ரொறன்ரோ மற்றும் பிராந்தியப் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. நகரத்தின் பதிவு செய்யப்பட்ட வரலாற்றில் அதுவே முதலாவது. செய்தியை மகிழ்ச்சியோடு வெளியிட்ட ஆணையம், கூடு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

குளிர்கால விருந்தாளிகளில் எல்லோரும் தேடி அலைவது பனி ஆந்தையைத்தான். ஆர்க்ரிக் சமவெளியில் பிறந்து, நவம்பர் அளவில் எங்கள் ஏரிக்கரைக்கு வந்து, மார்ச் அளவில் திரும்பிப் போகும். மரமில்லாத நிலத்தில் வளர்ந்த பறவையானதால் நிலத்திலும், அலைதடுப்புக் கற்களிலும், விமான நிலைய வெளிகளிலும் உட்கார்ந்திருக்கும். லெஸ்லி வீதி முடிவில் ஏரிக்குள் ஐந்து கிலோமீற்றர் அளவு நீண்டு கிடக்கும் ரொமி தொம்சன் பூங்கா அதற்குப் பழக்கமான இடங்களில் ஒன்று.

பனி ஆந்தைகள் பசியால் வடக்கை விட்டு ஓடி வந்த அகதிகள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. எங்களுக்கு அந்தக் கதை உடனே மனதைத் தொடும். ஆனால் உண்மை அவ்வளவு நேராக இல்லை. வடக்கில் லெமிங் என்ற சிறு எலியினம் பெருகும் கோடையில் ஆந்தைகள் அதிகமாகக் குஞ்சு பொரிக்கின்றன. அந்தக் குளிர்காலத்தில் இளம் பறவைகள் பெருந்தொகையாகத் தெற்கே வருகின்றன. 2013-14 குளிர்காலத்தில் அப்படி ஒரு பெரும் வருகை நடந்தது. அதையொட்டி உருவான புரொஜெக்ற் ஸ்னோஸ்ரோம் என்ற ஆய்வுத் திட்டம், தெற்கே வந்த ஆந்தைகளைப் பிடித்து நிறுத்துப் பார்த்து, பெரும்பாலானவை நல்ல உடல்நிலையில் இருப்பதைக் காட்டியது. அதாவது அவை பரிதாபப்பட்டு நாங்கள் சோறு போட வேண்டிய பறவைகள் அல்ல. குழப்பாமல் விட்டால் தாமே வேட்டையாடிப் பிழைத்துக்கொள்ளும்.

பறவையின் வரவு செலவு

வேட்டைப் பறவையின் குளிர்கால நாளை ஒரு வீட்டு வரவு செலவுபோலப் பார்க்கலாம். டிசம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலம்தான். பகலில் வேட்டையாடும் ஒரு பருந்து அந்த ஒன்பது மணித்தியாலத்துக்குள் உழைப்பதைக் கொண்டு, பதினைந்து மணித்தியால இரவின் குளிரைத் தாங்க வேண்டும். பாயும் ஒவ்வொரு முறையும் இரை அகப்படுவதில்லை. பனி தடிப்பாக விழுந்து மேலே கட்டியாகிவிட்டால் எலிகள் அதற்குக் கீழே ஒளிந்துகொள்ளும். முதல் குளிர்காலத்தைத் தாண்டாமலே இறந்துபோகும் இளம் பருந்துகள் ஏராளம்.

இந்த நிலையில் ஒரு பறவை உட்கார்ந்து கண்ணை மூடியிருப்பது சோம்பல் அல்ல, சேமிப்பு. நாங்கள் "இன்னும் ஐந்து அடி கிட்டப் போனால் முகம் தெளிவாக வரும்" என்று நடந்து அதைக் கிளப்பிவிட்டால், அந்தச் சேமிப்பிலிருந்து ஒரு பங்கு போய்விடுகிறது. பகலில் வெளிப்பட்டுப் பறக்கும் ஆந்தையைக் காகங்கள் கூட்டமாகத் துரத்தும். அதில் இன்னொரு பங்கு போகும். ஒருவர் செய்தால் பெரிதில்லை. சனிக்கிழமை காலையில் இருபது பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து இதையே செய்தால் அதன் நாள் முடிந்தது.

காற்றைப் பயன்படுத்துதல்

பறவையைத் துரத்தாமல் நல்ல படம் எடுக்க முடியுமா? முடியும். அதற்குக் கைகொடுப்பது காலநிலைதான்.

பெரிய பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். ஆகவே காற்று உங்கள் முதுகில் படும்படி நின்றால், எழும்பும் பறவையின் முகம் உங்கள் பக்கம் இருக்கும். காற்று உங்கள் முகத்தில் அடித்தால் கிடைப்பது வால் மட்டும்தான். சூரியனும் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. பலத்த காற்றில் செவ்வால் பருந்து சிறகை அசைக்காமல் பட்டம் போல ஒரே இடத்தில் நிற்கும். அமைதியான நாளில் அரை செக்கன்கூடக் கிடைக்காத காட்சி, காற்றுள்ள நாளில் அரை நிமிடம் கிடைக்கும்.

காரும் ஒரு நல்ல மறைவிடம். மனித உருவத்தைக் கண்டு பறக்கும் பறவை, நிறுத்திய காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பிக்கரிங், மார்க்கம் பக்கத்துக் கிராமச் சாலைகளில் பாதுகாப்பான இடமாகப் பார்த்து நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, உள்ளிருந்தபடியே எடுக்கலாம். ஹீற்றரையும் அணைக்க வேண்டும். கண்ணாடியைத் திறந்ததும் காருக்குள் இருக்கும் சூடான காற்று வெளிக்குளிரோடு கலந்து லென்சுக்கு முன்னால் கானல்போல அலையும். போக்கஸ் சரியாக இருந்தும் படம் கலங்கி வருகிறது என்று பலர் லென்சைக் குறை சொல்வதற்குக் காரணம் இதுதான். நெடுஞ்சாலை 401 இன் ஓரத்தில் மட்டும் ஒருபோதும் படம் எடுக்க நிறுத்தாதீர்கள். அவசர தேவைக்கன்றி அங்கே நிறுத்துவது சட்டப்படி தவறு, உயிருக்கும் ஆபத்து.

பனியில் வெளிச்சக் கணக்கு

அரங்கேற்றப் படம் எடுத்தவர்களுக்கு இது எளிதாக விளங்கும். கறுத்த திரைக்கு முன்னால் ஆடும் பிள்ளையை எடுக்கும்போது, கமரா கறுப்பைப் பார்த்து "இருட்டாக இருக்கிறது" என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். முகம் வெளிறிப்போகும். அதனால் நாங்கள் வெளிச்ச ஈடுசெய்தலைக் குறைத்து வைப்போம். பனியில் நடப்பது இதற்கு நேர்மாறு. கமரா வெள்ளையைப் பார்த்து "அதிக வெளிச்சம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். பனி சாம்பல் நிறமாகவும் பருந்து கரிக்கட்டி போலவும் வரும். ஆகவே கூட்டி வைக்க வேண்டும். பனி நிறைந்த காட்சிக்கு +1 இலிருந்து +1.7 வரை தொடங்கலாம். வெள்ளை வானத்துக்கு எதிரே பறக்கும் கரிய கழுகுக்கு +2 கூடத் தேவைப்படலாம். ஆனால் கருங்கல்லின் மேல் இருக்கும் வெள்ளை ஆந்தைக்கு இதே +2 ஐ வைத்தால் இறகின் கோடுகள் முழுவதும் அழிந்துவிடும். ஒரு படம் எடுத்ததும் ஹிஸ்ரோகிராமைப் பார்த்து, வெள்ளைப் பக்கத்துச் சுவரில் முட்டாமல் அதற்குக் கிட்ட நிற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பனி தரும் ஒரு பரிசும் உண்டு. கோடையில் தலைக்கு மேல் பறக்கும் பருந்தின் அடிப்பக்கம் நிழலில் கறுத்திருக்கும். நிலம் முழுக்கப் பனி மூடியிருக்கும்போது அந்த வெள்ளை கீழிருந்து ஒளியைத் தெறித்து, சிறகின் அடியில் உள்ள ஒவ்வொரு வரியையும் காட்டும். டிசம்பரில் நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 23 பாகை உயரத்துக்குத்தான் ஏறுகிறது. அதனால் மற்றப் பருவங்களில் காலையிலும் மாலையிலும் மட்டும் கிடைக்கும் சாய்வான ஒளி, குளிர்காலத்தில் நாள் முழுவதும் கிடைக்கிறது.

பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/2000 செக்கன் அளவில் இருப்பது நல்லது. முகில் மூடிய நாளில் அதற்கு ஐஎஸ்ஓவை 3200 அல்லது அதற்கு மேலும் ஏற்ற வேண்டி வரும். ஏற்றுங்கள். மங்கல் மண்டபத்தில் நடனத்தை எடுக்கத் தயங்காதவர் இங்கேயும் தயங்கத் தேவையில்லை. சிறு மணிமணியாக வரும் இரைச்சலைப் பிறகு மென்பொருளில் குறைக்கலாம், அசைந்து கலங்கிய படத்தை மீட்க முடியாது.

பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு சங்கதிகள். ஒன்று, ஓட்டோ போக்கஸ் பறவையை விட்டுவிட்டு முன்னால் விழும் பனித்துகள்களைப் பிடிக்கும். எல்லாப் புள்ளிகளையும் பயன்படுத்தாமல், ஒரு புள்ளி அல்லது சிறிய வட்டத்தை மட்டும் தெரிவுசெய்து பறவையின் கண்ணில் வையுங்கள். தொடர் போக்கஸ் முறையில், குறுக்கே வரும் பொருளுக்கு உடனே தாவாதபடி அமைக்கும் வசதி பல கமராக்களில் இருக்கிறது. இரண்டு, உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகத்தை மாற்றிப் பாருங்கள். 1/1000 இல் பனித்துகள்கள் வெள்ளைப் புள்ளிகளாக உறையும். 1/125 இல் அவை கோடுகளாக நீண்டு, காற்று எந்தப் பக்கம் வீசியது என்பதையே காட்டும். பிளாஷ் வேண்டாம். அது முன்னால் விழும் பனியைத்தான் வெள்ளை வெள்ளையாகக் காட்டும். இருளுக்குப் பழகிய ஆந்தையின் கண்ணுக்கும் தொந்தரவு.

மழையிலும் மூடுபனியிலும் முகத்தை மட்டும் பெரிதாக எடுக்க முயல்வதைவிட, பறவையைச் சிறியதாகவும் சூழலைப் பெரியதாகவும் வைத்து எடுங்கள். அலைதடுப்புக் கல், சாம்பல் ஏரி, தூரத்தில் மங்கலாகத் தெரியும் சிஎன் கோபுரம், நடுவில் ஒரு சிறு வெள்ளை ஆந்தை. அந்தப் படம் ரொறன்ரோவில் மட்டுமே எடுக்கக்கூடியது. அதற்கு 600 மில்லிமீற்றர் லென்சும் தேவையில்லை.

கமராவையும் உடம்பையும் காத்தல்

பெரும்பாலான கமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 பாகை செல்சியஸ் வரைதான் இயங்கும் என்று எழுதியிருக்கும். நடைமுறையில் மறை 15 இலும் அவை வேலை செய்யும். முதலில் படுப்பது பற்றரிதான். மேலதிகமாக இரண்டு பற்றரியை ஜாக்கற்றின் உள்பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். குளிரில் படுத்த பற்றரி சூடானதும் மறுபடி கொஞ்ச நேரம் வேலை செய்யும்.

கமராவுக்கு அதிக கேடு வருவது வெளியில் அல்ல, வீட்டுக்குள் நுழையும்போது. குளிர்ந்த கமராவைச் சூடான வீட்டுக்குள் அப்படியே கொண்டுவந்தால், குளிர்பானப் போத்தலில் வியர்ப்பதுபோல அதன் உள்ளும் புறமும் நீர் படியும். மீன்கறி கொதிக்கும் குசினிப் பக்கம் போனால் சொல்லவே வேண்டாம். வெளியில் நிற்கும்போதே கமராவை இறுக மூடும் பிளாஸ்ரிக் பைக்குள் போட்டு, பிறகு உள்ளே கொண்டுவந்து, இரண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படிந்து காய்ந்துவிடும். படங்களை உடனே பார்க்க ஆசையென்றால் மெமரி காட்டை மட்டும் வெளியிலேயே கழற்றி எடுத்துக்கொள்ளலாம். மழைக்கு விலையுயர்ந்த உறை தேவையில்லை; பிளாஸ்ரிக் பை ஒன்றில் லென்ஸ் போகும் அளவுக்கு ஓட்டை வெட்டி இறப்பர் பட்டியால் கட்டினால் போதும். லென்ஸின் முன்மூடியை எப்போதும் மாட்டியிருங்கள். துளிகள் கண்ணாடியில் விழுவதை அது பெருமளவு தடுக்கும்.

குளிர்காற்றின் கணக்கு கமராவுக்கு இல்லை, எங்கள் தோலுக்கு உண்டு. காற்றோடு சேர்ந்த குளிர் மறை 28 ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம் என்று கனடாவின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. மெல்லிய கையுறைக்கு மேல் தடித்த கையுறை போட்டுக்கொண்டால், விசையை அழுத்தும்போது மேலுள்ளதை மட்டும் கழற்றலாம். பிள்ளைகளையோ வயதானவர்களையோ கூட்டிப் போனால் அவர்கள் "போவம்" என்று சொல்வதற்கு முன்பே திரும்புங்கள். ஸ்காபரோ மண்குன்றுகள் சில இடங்களில் 90 மீற்றர் உயரம் வரை எழும்பி நிற்பவை. அதன் விளிம்பு நாளும் அரிக்கப்பட்டு இடிந்து விழுவது. வேலிக்கு அப்பால் ஒரு கால்கூட வைக்கக்கூடாது. ஏரியோரம் உறைந்து தட்டாகத் தெரியும் பனிக்கட்டியும் நிலம் அல்ல. அடியில் தண்ணீர் இருக்கும்.

பறவை சொல்வதைக் கேட்டல்

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு ஓர் இலக்கம் சொல்வது கடினம். பறவையே அதைச் சொல்லும். கண்ணைப் பாதி மூடி, இறகை உப்பவிட்டு, ஒரு காலில் நிற்கும் பறவை அமைதியாக இருக்கிறது. கண்ணை அகலத் திறந்து உங்களையே பார்க்கத் தொடங்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். உடம்பை ஒடுக்கி நிமிர்ந்து, முன்னால் சாய்ந்து, எச்சமிட்டால் அடுத்த நொடி பறக்கப் போகிறது. முதல் அறிகுறியிலேயே நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். நேராக அதை நோக்கி நடப்பதைவிட, ஓரிடத்தில் தாழ உட்கார்ந்து அரை மணித்தியாலம் பொறுத்திருப்பவருக்குத்தான் இயல்பான படம் கிடைக்கிறது.

சிலர் செல்லப்பிராணிக் கடையில் எலி வாங்கி வந்து பனியில் விட்டு, ஆந்தை பாயும்போது படம் எடுக்கிறார்கள். கமராவை நோக்கித் தாழ்ந்து, சிறகை விரித்து வரும் அந்தப் படங்களுக்கு முகநூலில் விருப்பங்கள் குவிகின்றன. இதனால் ஆந்தை மனிதரையும் காரையும் உணவோடு சேர்த்துப் பழகிவிடுகிறது. தாழப் பறக்கும் பறவை சாலையோரம் இரை எதிர்பார்க்கத் தொடங்கினால் அதன் முடிவு பெரும்பாலும் ஒரு காரின் முன்பக்கம்தான். வட அமெரிக்காவின் ஓடுபொன் சங்கம் உயிருள்ள இரை காட்டி எடுப்பதை வெளிப்படையாகவே கண்டிக்கிறது.

இடத்தைச் சொல்வதும் ஒரு பொறுப்பு. 2024 இல் கழுகுக் கூட்டின் இடத்தை ஆணையம் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இதுதான்: அடைகாக்கும் கழுகு அதிகம் குழப்பப்பட்டால் கூட்டையே கைவிடக்கூடும். பகலில் தேவதாரு மரத்துக்குள் மறைந்து உறங்கும் சிறிய ஆந்தைகளுக்கும் இது பொருந்தும். உறங்கும் ஆந்தை, கூடு இரண்டையும் பொறுத்தவரை, படத்தைப் போடுங்கள், இடத்தைப் போடாதீர்கள். கைத்தொலைபேசிப் படத்தில் இடக்குறி தானாகப் பதிவாகும் என்பதால் அதையும் நிறுத்திவிடுங்கள். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈ-பேர்ட் பதிவேடுகூட ஆபத்துக்குள்ளாகக்கூடிய சில இனங்களின் சரியான இடத்தை மறைத்தே காட்டுகிறது.

சட்டமும் இருக்கிறது. கனடாவின் மத்திய அரசு நிறைவேற்றிய வலசைப் பறவைகள் சட்டத்துக்குள் பருந்தும் ஆந்தையும் அடங்குவதில்லை. அவற்றைக் காப்பது மாகாணத்தின் பொறுப்பு. ஒன்ராறியோவில் 1997 ஆம் ஆண்டின் மீன் மற்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைப் பறவைகளுக்கும் அவற்றின் கூடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது.

எங்கே தொடங்குவது?

ஊரில் பருந்து வட்டமிட்டால் கோழிக்குஞ்சுகளைக் கூடையால் மூடிய தலைமுறை இன்னும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் அவர்கள்தான். அந்த அம்மம்மாவையும் அப்பப்பாவையும், இங்கே பிறந்து பறவையின் ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்த பேரப்பிள்ளையையும் ஒரே காரில் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய செலவில்லாத பயணம் இது. செப்ரெம்பரில் ரோசெற்றா மக்லெய்ன் பூங்காவில் இருக்கைகள் உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு. ஹை பார்க்குக்குச் சுரங்க ரயிலிலேயே போகலாம். ரொமி தொம்சன் பூங்காவுக்குள் வாகனம் போகாது, நாய்க்கும் அனுமதியில்லை. அங்கே நடக்கத்தான் வேண்டும் என்பதால் அதை இளையவர்களுக்கு விட்டுவிடலாம்.

பழைய கமராவும் 300 மில்லிமீற்றர் லென்சும் இருந்தால் தொடங்கப் போதும். அதுவும் இல்லாவிட்டால் ஒரு தூரநோக்கியும் குறிப்புப் புத்தகமும் போதும். நாள், நேரம், காற்றின் திசை, வெப்பநிலை, பறவையின் பெயர் என்று ஐந்து விடயங்களை எழுதிவையுங்கள். இரண்டு குளிர்காலம் எழுதினால், வானிலை அறிக்கையில் "வடமேல் காற்று, பனித்தூறல்" என்று கேட்டதுமே எந்தக் கரைக்குப் போக வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.